சட்டை வந்தது, மேப் வரவில்லை

கேள்வி: ஆன்லைன் துப்பாக்கி கேம்களில் புதுப்புதுச் சட்டையாக விற்கிறார்கள். புது மேப் மட்டும் ஏன் வருவதில்லை?
– ஒரு வாசகர், இரணியல்

பதில்: சட்டையை ஓரிருவர் வரைந்துவிடலாம், மேப்புக்கு ஒரு குழுவே மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். மேப்பை விடுங்கள், 2021 குடியரசு தினத்தன்று வந்தபோது நம் நாட்டு 'ஃபாவ்-ஜி' கேமில் பலர் சேர்ந்து ஆடும் வசதியே இருக்கவில்லை. கல்வான் எல்லை மோதல் கதை மட்டும்தான், அதுவும் கைச்சண்டை! 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்ததிலிருந்து ஏங்கிக் கிடந்த பிள்ளைகள் கொதித்தது நியாயம். பாவு ஓட்டியதோடு நிறுத்திவிட்டு வேட்டி என்று விற்றால் உங்கள் ஊர் நெசவாளரிடம் யார் வாங்குவார்கள்?

சோனியோ, 2024 ஆகஸ்டில் வந்த 'கான்கார்ட்' கேமை இரண்டே வாரத்தில் மூடி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அந்த மரியாதை ஆடுகிற எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். மேப் வரும்வரை சட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள்.