கழலும் நட்டும் கழலாக் கொள்கையும்: ஹூக்ளிப் படகுக் கூரை குறித்த ஒரு சிற்றாய்வு

யானைப்படை, தேர்ப்படை பற்றியெல்லாம் எழுதிக் குவித்த ஆராய்ச்சியாளர்கள், படகுக் கூரையின் ஆறு மில்லிமீட்டர் போல்டை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை. மரை கழன்றவன் எழுதியது என்று யாரேனும் இகழ்ந்தால், அவர் ஆய்வுப்பொருளைச் சரியாகவே புரிந்துகொண்டார் என்று கொள்க.

ஆய்வுக்களம் கொல்கத்தா, ஹூக்ளி நதியில் பிரின்செப் காட், பாபு காட் படித்துறைகளின் ஓரம். ஆய்வுப்பொருள், மடித்து விரிக்கும் கூரையின் குழாய்ச் சட்டத்தைப் பிடித்துநிற்கும் போல்ட், நட்டு, வாஷர், காட்டர் பின். சித்திரை வைகாசியில் வடமேற்கிலிருந்து கால்பைசாகிப் புயல் அடிக்கும்போது இவற்றின் இருப்பு தெரியவரும். பெரும்பாலும் இல்லாமை தெரியவரும்.

சைவ சாத்திரத்தார் நெறிப்படி முதலில் பரபக்கம், அதாவது பிறர் மதம் கூறி மறுத்தல்.

கயிற்று மதத்தார் கூற்று. வங்காள நாட்டுப்படகின் கூரை, மூங்கில் பிளாச்சை வளைத்து, மேலே பாய் வேய்ந்து, இழுத்துக் கட்டியது. நட்டே இல்லாத இடத்தில் கழல்வது எது? படகு ஆடினால் கட்டும் கூடவே ஆடிக்கொடுக்கும். தளர்ந்தால் இறுக்கிக் கட்டலாம். இம்மதம் மறுக்க அரியது. ஆயினும் வழவழப்பான எஃகுக் குழாயில் கயிறு வழுக்கும். கீல் வைத்து மடிக்கும் சட்டத்துக்கு ஊசி வேண்டும், முடிச்சு போதாது.

ரிவெட் மதத்தார் கூற்று. இவர்கள் அண்ணாந்து பார்த்து வாதிடுபவர்கள். ஆற்றுக்கு மேலே 1943-இல் திறந்த ஹௌரா பாலம் நிற்கிறது. 26,500 டன் எஃகு, நட்டு போல்ட் இல்லாமல் ரிவெட்டால் இணைத்தது. அது கழன்றதுண்டா என்பர். கழலாததைக் கழற்றவும் முடியாது என்பது நம் விடை. பாலம் மாலையில் மடித்து வைக்கும் பொருளன்று. கூரை மடித்தாக வேண்டும். தவிர, அந்தப் பாலத்துக்கே ஆபத்து கழலுவதிலிருந்து வரவில்லை, வாயிலிருந்து வந்தது. வழிப்போக்கர் உமிழ்ந்த பான், குட்கா எச்சிலால் தூக்குக் கம்பங்களின் அடியிலிருந்த எஃகு உறை ஆறு மில்லிமீட்டரிலிருந்து மூன்றாகத் தேய, அதிகாரிகள் கண்ணாடி நாரிழைக் கவசம் மாட்டினர்.

இனிச் சுபக்கம், அதாவது நம் கொள்கை. நட்டு ஏன் கழல்கிறது? இறுக்கம் போதாமையால் என்பர் பாமரர். 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் காட்டியது வேறு: போல்டுக்குக் குறுக்கே பக்கவாட்டு அதிர்வு ஏற்பட்டு மரைகள் வழுக்கும்போதே நட்டு தானாகத் திரும்புகிறது. மோட்டார் பூட்டிய ‘புட்புட்டி’ப் படகின் டீசல் எஞ்சின் அந்த அதிர்வை நாள் முழுதும் இலவசமாக வழங்குகிறது. இங்கே நாம் பெரிதும் நம்பும் ஸ்பிரிங் வாஷர் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும்.

கழன்ற நட்டு எங்கே போகிறது? ஹூக்ளி கங்கையின் கிளை. கங்கையில் சேர்ந்ததற்கு மறுபிறவி இல்லை என்பது பெரியோர் துணிபு. நட்டுக்கு விலக்கு அளிக்க எந்தச் சாத்திரமும் முன்வரவில்லை. பௌதிகச் சான்றும் உண்டு. படித்துறைகளில் கயிற்றில் காந்தம் கட்டிக் காசு துழாவுவோரிடம் ஃபெரிட்டிக் எஃகு நாணயம் ஒட்டிக்கொண்டு மேலே வரும். 304, 316 வகைத் துருவா எஃகு போல்ட் காந்தத்தை ஏறக்குறைய மதிப்பதே இல்லை. பக்தர் எறிந்த காசு சம்சாரத்துக்குத் திரும்புகிறது, படகின் போல்ட் முக்தியடைகிறது. ஆதலால் தேடற்க, புதிது வாங்குக.

வாங்கும்போது தலையெழுத்தைப் பார்க்க வேண்டும். அது போல்டின் தலையிலேயே பொறித்திருக்கும். ஏ2-70 என்றால் 304 குலத்து எஃகு, இழுவலிமை 700 மெகாபாஸ்கல். ஏ4 என்றால் 316 குலம், உப்புக்கு இன்னும் அஞ்சாதது. 1837-இல் அசோகப் பிராமியைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப், கல்கத்தா நாணயச்சாலையில் உலோகத் தரம் சோதித்த அதிகாரி. எழுத்தும் உலோகமும் அறிந்த அவர் பெயர் தாங்கிய துறையில், தலையெழுத்தைப் படிக்காமல் போல்ட் மாட்டுவது அவமரியாதை. மரையின் அளவைப் பற்றி அவரைக் கேட்க முடியாது: அவர் 1840-இல் மறைந்தார். ஜோசப் விட்வொர்த் மரைக்குப் பொது அளவு முன்மொழிந்தது 1841-இல். விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக்கில் 60. இரண்டுக்கும் சம்பந்தம் பேசுவோர் மரையைத் தின்றுவிடுவர்.

மாற்றும் முறையில் பிழை மலிந்திருப்பதால் விதிகள் தருகிறோம். நட்டின் வாயில் நைலான் வளையம் பதித்த நைலாக் நட்டு உத்தமம்; ஆனால் கழற்றிக் கழற்றி மாட்டினால் அதன் பிடி தளரும், ஆதலின் புதிதே போடுக. இரட்டை நட்டுப் போடுவோர், மெலிந்ததைக் கீழும் தடித்ததை மேலும் வைக்க வேண்டும். ஆனால் தலைகீழாக வைப்பதே ஊர்வழக்கு. வெர்னன் கிரீபிள் 1953-இல் கண்ட, காற்றில்லாத இடத்தில் இறுகும் மரைப்பசையில் நீலம் கழற்றத் தக்கது. சிவப்பு ரிவெட் மதத்துக்கு மாறிவிட்டது. அலுமினியக் குழாயில் எஃகு போல்ட் பட்டால் ஈரத்தில் அரிப்பது அலுமினியமே. நடுவே நைலான் வாஷர் இடுக. மடிக்கும் கீல்களின் ஊசியைச் சிறு கயிற்றால் சட்டத்தோடு கட்டுக.

இந்தக் கடைசி விதியில் கயிற்று மதம் வென்றது என்பதை நேர்மையான ஆய்வாளன் ஒப்புக்கொள்ள வேண்டும். நட்டு இல்லாத கூரை நிற்காது. கயிறு இல்லாத நட்டு தங்காது. இதை மறுப்பவர்கள், மறுப்புரையோடு ஒரு பிடி எம்6 நைலாக் நட்டும் சேர்த்து அனுப்ப வேண்டுகிறோம்.