ஒரே பழம், நாலு முருகன்

2004 மலேசியப் பொதுத்தேர்தலில் சிகாமட் தொகுதிக்கு மலேசிய இந்தியர் காங்கிரஸ், அதாவது ம.இ.கா., நிறுத்திய வேட்பாளர் எஸ். சுப்பிரமணியம். அதற்கு முந்தின தேர்தலிலும் எஸ். சுப்பிரமணியம்தான். முன்னெழுத்துகூட மாறவில்லை, பழைய பதாகையைத் தூசு தட்டிக் கட்டியிருந்தால் அச்சுக்கூலி மிச்சம். ஆள் மட்டும் வேறு. கட்சியின் துணைத் தலைவரான பழைய சுப்பிரமணியத்துக்குச் சீட்டு இல்லை. தோல் மருத்துவரான இன்னொரு சுப்பிரமணியத்துக்கு உண்டு.

போட்டியாளரைக் கவிழ்ப்பதில் எத்தனையோ ரகம். அவருடைய நாற்காலியில் அவர் பெயரையே உட்கார வைத்து அவரை வெளியே அனுப்புவது தனி ரகம். 1977இல் துணைத் தலைவர் போட்டியில் இந்த மூத்த சுப்பிரமணியத்தை 26 வாக்கில் முந்தியவர் சாமிவேலு. 1979 முதல் 2010 வரை தலைவர் நாற்காலியும் அவருடையதே. பழைய கணக்கை மறக்காத ஞாபகசக்தி! தோட்டத்து ஜனங்களுக்குத் தந்த வாக்குறுதிகளிலும் அதில் பாதி இருந்திருக்கலாம்.

2006இல் பழனிவேல் வந்து மூத்தவரின் துணைத் தலைவர் பதவியையும் பறித்தார். 2010இல் பழனிவேலே தலைவர். 2015இல் கட்சித் தேர்தல் விவகாரத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தார். கட்சி யாப்பின் 91ஆம் விதியைக் காட்டி, வழக்குப் போட்டதால் அவர் உறுப்பியமே போய்விட்டது என்றார்கள். காலியான நாற்காலிக்கு வந்தவர் சிகாமட் டாக்டர்.

சாமிவேலு, சுப்பிரமணியம், பழனிவேல், மறுபடியும் சுப்பிரமணியம். அத்தனையும் முருகன் பெயர். ஒரே பழத்துக்கு மயிலேறிப் பறந்தவன் பெயரை வைத்துக்கொண்டால் வேறென்ன ஆட்டம் வரும்? ஒருவன் வென்றது இன்னொருவன் இழந்தது, கூட்டினால் பூஜ்யம். ஆட்டக் கோட்பாடு என்று நியூமனும் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் தடித்த புத்தகமாகப் போட்ட கணக்கு இது. ஆனால் அவர்கள் கணக்கில் பழத்தின் அளவு மாறாது. நம்மவர்கள் அதையும் மிஞ்சினார்கள்: ஓடுகிற ஓட்டத்திலேயே பழம் வற்றிப்போனது. 2004இல் போட்டியிட்ட 9 நாடாளுமன்றத் தொகுதியும் ம.இ.கா.வுக்கு. 2008இல் 3. 2013இல் 4. 2018இல் 2, அதில் கேமரன் மலை வெற்றி செல்லாது என்றானதும் 1. 2022இலும் 1. கொட்டைக்கு இத்தனை வேல்!

சிகாமட்காரன் சும்மா இருக்கவில்லை. 2018இல் டாக்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மக்கள் நீதிக் கட்சியான பி.கே.ஆரின் எட்மண்ட் சந்தாராவை ஜெயிக்க வைத்தான். 2020 பிப்ரவரியில் அவர் கட்சித் துணைத் தலைவராயிருந்த அஸ்மின் அலியோடு கட்சியை விட்டு வெளியேறினார். அடுத்த மாதமே புதிய அரசாங்கத்தில் துணையமைச்சர். கோப்பிக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் நம் ஓட்டு எதிரணிக்குப் போய்விட்டது. நம்மை ஒரு வார்த்தை கேட்டார்களா? புலியும் புலியும் பேசிக்கொள்ளும்போது ஆட்டைக் கேட்கிற வழக்கம் ஆடுபுலி ஆட்டத்தில் கிடையாது. கட்சித் தாவலைத் தடுக்கச் சட்டம் வந்து நடைமுறையானது 2022 அக்டோபரில். அதற்குள் தாவ வேண்டியவர்கள் தாவி, உட்கார்ந்து, பதவியையும் அனுபவித்துவிட்டார்கள்.

மேலே ஆட்டம் இப்படியென்றால் கீழேயும் ஒன்று உண்டு. ஒரு தடவை ஒரு கிளைத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கட்சி எதுவென்று கேட்காதீர்கள். ஆள் சேர்க்கிற அந்தப் பருவத்தில் இரண்டு மூன்று கட்சிக்காரர்கள் இதே வேலையாகத்தான் அலைந்தார்கள். பாட்டியின் அடையாள அட்டை, அதாவது ஐ.சி., நகல் வேண்டுமாம், உறுப்பினர் பட்டியலுக்கு.

"பாட்டி செத்து ஆறு வருஷமாச்சுங்க."

"அதனால என்ன தம்பி, ஐ.சி. இருக்குதானே?"

அலமாரியைத் திறந்து தேடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, இல்லை என்றேன். கொண்டுவந்த பாரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.