திருகாணியியல்: ஓர் அறிமுகத்துக்கு முன்னுரை

அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1950-இல் வெளியிட்ட ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ என்னும் குட்டி ரிவால்வர் ஐந்து தோட்டாக்கள் சுடும். இந்த அற்பச் செய்தியை இத்துடன் விட்டுவிடுவோம் (மேலது, முதல் வாக்கியம்).

பழைய ரிவால்வரைக் கையிலெடுத்ததும் குழலைப் பார்ப்பவன் பாமரன். வரிசை எண்ணைத் தேடுபவன் மாணாக்கன். திருகாணிகளை எண்ணுபவனே ஆய்வாளன்.

சீஃப்ஸ் ஸ்பெஷலில் சிலிண்டரைத் திறக்கும் கட்டைவிரல் பொத்தான் ஏறத்தாழ 1966 வரை தட்டை. கைப்பிடிக் கட்டையில் திருகாணியைச் சுற்றி 1968 வரை வைர வடிவம், பிறகு இல்லை. 1957-இல் இந்த ரிவால்வருக்கு 36 என்று எண் சூட்டினார்கள். அதற்கு முன் பிறந்தவை பெயர் மட்டுமே உள்ளவை, எனவே விலை கூடியவை.

இனித் திருகாணி. ஆதி வகைக்கு ‘ஐந்து திருகாணி’ என்று பெயர்: பக்கத் தகட்டில் நான்கு, விசைக்காப்பின் முன்னால் ஒன்று. 1950-களில் தகட்டின் உச்சியில் இருந்தது போயிற்று. 1960-களின் தொடக்கத்தில் விசைக்காப்பில் இருந்ததும் போயிற்று. மிஞ்சியது மூன்று. தொல்காப்பியர் காலத்தைப் பல நூறு ஆண்டுகள் முன்னும் பின்னும் இழுத்துவிட்டு நிம்மதியாக உறங்கும் நம் புலவர் பெருமக்கள், திருகாணியைக் கொண்டே காலம் கணிக்கும் ரிவால்வர் சேகரிப்பாளர்களிடம் டியூஷன் போகலாம்.

ஆனால் ஆதி வகையில் அத்தனையும் எண்ணினால் ஆறு வருகிறது! கைப்பிடிக் கட்டையைப் பிணைக்கும் திருகாணி திருகாணியே அல்ல என்பது மரபு. ஏன் அல்ல? கேட்பவன் சேகரிப்பாளன் அல்ல (இக்கட்டுரையாளர், ‘திருகாணியும் தீண்டாத் திருகாணியும்’, மளிகைச் சீட்டின் பின்புறம், இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பைக் கடைக்காரர் கணக்குப் போட வாங்கிக்கொண்டார்).

இதைவிடப் பெரிய சிக்கல், தகட்டின் நான்கில் ஒன்று கைப்பிடிக் கட்டைக்கு அடியில் ஒளிந்திருப்பது. பார்க்க வேண்டுமானால் கட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றத் திருப்புளி வேண்டும். திருப்புளி வழுக்கித் திருகாணியின் தலையில் ஒரு கீறல் விழுந்தால் போச்சு, விலை இறங்கிவிடும். ஆகவே விற்பவர் எண்ணுவதில்லை. வாங்குபவரை எண்ணவிடுவதில்லை. அந்தத் திருகாணிக்கான காசு மட்டும் கைமாறுகிறது (இக்கட்டுரையாளர், ‘காணாத் திருகாணி’, நான்கு பாகங்கள், ஐந்தாவது கைப்பிடிக்கு அடியில்).