பக்குவம் பழசு, எண்ணெய் புதுசு

பழைய உளவியல் சோதனையை மறுபடி நடத்தும்போது, அதிலுள்ள இழிவான கேள்வியை மாற்றலாமா? மாற்றினால் அது வேறு சோதனை ஆகிவிடாதா?
கல்லூரி மாணவி, ஆட்டையாம்பட்டி

உங்கள் ஊர் முறுக்கைப் பழைய பக்குவத்தில் சுடக் காறிப்போன எண்ணெயும் வேண்டுமா என்ன?

1908-இல் பினேயும் சிமோனும் வெளியிட்ட அறிவுத்திறன் சோதனையில், வரைந்த முகங்களை இரண்டிரண்டாகக் காட்டி ‘எது அழகு?’ என்று ஆறு வயதுக் குழந்தையிடம் கேட்டார்கள். அழகுணர்ச்சியை அளக்க இரண்டு கோலங்கள் போதாதா? யாருடைய மூக்கையும் பழிக்க வேண்டாமே!

தாராளமாக மாற்றுங்கள். எதை, ஏன் மாற்றினீர்கள் என்று அறிக்கையில் எழுதுங்கள். மூலப் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள். முடிவு வேறாக வந்தால், காரணம் அந்த மாற்றமா என்று அடுத்தவர் சோதித்துப் பார்க்கலாம். சொல்லாமல் மாற்றுவதுதான் குற்றம்.

சோதனை சரி, பாடநூலிலேயே இழிவு இருந்தால்?
அதே மாணவி

அதையும் திருத்தச் சொல்லலாம். அதற்காக நீதிபதியே மாணவர் ஆகலாம்! 2021-இல் தன்பாலின இணையர் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உளவியல் நிபுணரிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் உத்தரவு எழுதினார். மருத்துவப் பாடங்களில் தன்பாலின ஈர்ப்பாளர்களைப் பற்றி உள்ள இழிவையும் அவர் சுட்டிக்காட்ட, அதே ஆண்டு அக்டோபரில் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தவிர்க்கும்படி கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியது.

உங்கள் வகுப்பு நூலில் அப்படி ஒரு வரி இருந்தால், இன்றே ஆசிரியரிடம் காட்டுங்கள்.