ஆள் போனார், சட்டம் போகவில்லை

கே: சர்வாதிகாரி ஓடிப்போன பிறகும் காம்பியாவில் புது அரசியல் சட்டம் வரவில்லையே, ஏன்?

ப: சர்வாதிகாரியை விரட்டுவதுதான் சுலபம் போலிருக்கிறது! 1994-ல் ராணுவப் புரட்சி செய்து வந்த யாஹ்யா ஜாமே 22 வருஷம் ஆண்டார். அங்கே ஓட்டு என்றால் கோலிக்குண்டு. வேட்பாளரின் டிரம்முக்குள் போட்டால் 'டிங்' என்று மணி அடிக்கும். யாராவது ரெண்டு குண்டு போட்டால் வெளியே இருப்பவர்களுக்குக் கேட்டுவிடும். (கள்ள ஓட்டுக்கு இதைவிட மலிவான காவல்காரன் உண்டா?) 2016 டிசம்பரில் அந்தக் குண்டுகள் ஜாமேயைக் கவிழ்த்தன. தோல்வியை முதலில் ஒப்புக்கொண்டவர், பிறகு 'மாட்டேன்' என்றார். பக்கத்து நாட்டுப் படைகள் எல்லை தாண்டியதும் ஈக்குவடோரியல் கினிக்கு விமானம் ஏறினார்.

அந்தத் தேர்தலில் ஜெயித்த அடாமா பாரோ ஜனாதிபதியானார். புதுச் சட்டம் எழுத ஆணையம் வந்தது, 2020-ல் வரைவும் வந்தது. ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்கக் கூடாது என்றது வரைவு. பலே! ஆனால் பாரோ அப்போது ஆண்டுகொண்டிருந்த தவணையும் கணக்கில் சேருமாம். அவருடைய ஆதரவாளர்கள் விடுவார்களா? நாடாளுமன்றத்தில் ஆதரவு 31, எதிர்ப்பு 23. ஜெயித்த மாதிரிதான் தெரியும். ஆனால் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும் என்பது விதி. வரைவு படுத்துவிட்டது. 2025-ல் வந்த இன்னொரு வரைவுக்கும் அதே கதி.

ஆகவே ஜாமே காலத்து 1997 சட்டம்தான் இன்னும் ஓடுகிறது. அதில் தவணைக்கு வரம்பே கிடையாது. மூன்றாம் முறையும் நிற்கப்போவதாக பாரோ அறிவித்துவிட்டார். ஜாமே தன் அளவுக்குத் தைத்துக்கொண்ட சட்டை, இவருக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது!