நூலால் அளந்த ஆறு

வாமனபுரம் ஆற்றை நான் முதன்முதலில் அளந்தது தையல் நூலால். 1986ஆம் ஆண்டு. நிலவியல் முதுகலை மாணவர்கள் நாங்கள் ஐந்து பேர், பத்திரமாகத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்து வாங்கிவந்த டோப்போஷீட் எனும் நிலவரைபடத் தாள்களை விடுதி அறைத் தரையில் விரித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, பொன்முடிக்கு அருகே செம்முஞ்சி மொட்டையில் ஆறு பிறக்கிற இடத்தில் நூல் நுனியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவுக்கும் நூலை வளைத்தபடி அஞ்சுதெங்குக் காயல்வரை முழங்காலிலேயே போவோம். பொன்முடி ஒரு தாளில் இருக்கும், வாமனபுரம் இன்னொரு தாளில்; 77 டிகிரி தீர்க்கரேகை இரண்டையும் பிரித்துக்கொண்டு நடுவில் ஓடும். 88 கிலோமீட்டர் ஆறு, 1:50,000 அளவுத் தாளில் 176 சென்டிமீட்டர் நூலானது. எங்களில் உயரமானவனின் உச்சந்தலையில் ஒரு நுனியை வைத்துத் தொங்கவிட்டோம். மறுநுனி பாதத்தைத் தொட்டது. ஓர் ஆறு ஓர் ஆளின் உயரத்துக்கு நிற்பதை அன்று பார்த்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

இன்றைக்குக் கணினியில் ஆற்றுக்கோட்டைத் தொட்டால் தசமப் புள்ளியோடு நீளம் வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனாலும் உங்களில் யாராவது இரண்டு வான்படங்களை அருகருகே வைத்து ஸ்டீரியோஸ்கோப்பில் குனிந்து பார்த்தவர்களாக இருந்தால் உங்களுக்குத் தெரியும்: முதலில் ஒன்றும் பிடிபடாது, கண் வலிக்கும், கூட இருப்பவன் “தெரியுதாடா?” என்று முதுகில் தட்டிக்கொண்டே இருப்பான், பிறகு எதிர்பாராத ஒரு கணத்தில் மலை தாளை விட்டு எழும்பி, பள்ளத்தாக்குகள் கீழே இறங்கி, எல்லாம் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நிற்கும். கூகுள் எர்த்தில் 2005 முதல் எந்த மலையையும் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். அந்தக் கணம் மட்டும் அதில் வருவதில்லை.

களவேலைக்குத் திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து பஸ். நெடுமங்காடு, விதுரா, பிறகு கல்லாறு, அதற்குமேல் 22 கொண்டை ஊசி வளைவுகள். நாங்கள் பெரும்பாலும் அடிவாரத்திலேயே இறங்கிவிடுவோம், எங்களுக்கு வேண்டிய பாறை அங்கேதான் இருந்தது. சார்னோகைட். இந்தப் பெயருக்குப் பின்னால் நம்மூர்க் கதை ஒன்று உண்டு. கல்கத்தாவைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறையில் பதித்திருந்த கல் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை என்று கண்டுகொண்ட தாமஸ் ஹாலண்ட், சார்னோக்கின் நினைவாகவே அதற்குப் பெயரிட்டார். பொன்முடிப் பகுதிக் குவாரியில் அது வேறொரு கோலத்தில் கிடைக்கும்: வெளிறிய பாறைக்குள் விரிசல்களை ஒட்டி எண்ணெய் கசிந்ததுபோலக் கரும்பச்சைத் திட்டுகள், ஒரு பாறை இன்னொன்றாக மாறத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன கோலம், ஏறக்குறைய 55 கோடி வருடங்களாக அப்படியே. உலகத்து நிலவியலாளர்களெல்லாம் அந்த வெட்டு முகத்தைத் தேடி வந்தார்கள். குவாரி வெட்டாமல் இருந்திருந்தால் அதைக் கண்டிருக்கவே முடியாது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

நாங்கள் வேலை பார்த்த இன்னொரு குவாரி சின்னது. உளி, சம்மட்டி, பகலில் ஒன்றிரண்டு வெடி. அதை ஒட்டிச் சாயாக்கடை வைத்திருந்த அக்கா, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பம். ஒருநாள் தாளை எட்டிப் பார்த்து, “எங்க ஊத்து இதுல எங்க தம்பி?” என்றார். நாங்கள் தேடினோம். அது தாளில் இல்லை. “மாசி பங்குனியிலயும் வத்தாத ஊத்த விட்டுட்டு என்ன படம் வரைஞ்சிருக்காவ?” என்று கேட்டுவிட்டு எங்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பாறைக்கு மேல்புறம், ஈட்டி மரத்தடியில், இரண்டு கை அகலத்துக்குத் தண்ணீர். அதிலிருந்து இறங்கிய ஓடையை அங்கேயே உட்கார்ந்து நீலப் பென்சிலால் என் நகலில் வரைந்தேன். அன்று சாயாவுக்கு அவர் காசு வாங்கவில்லை.

அப்புறம் எத்தனையோ நடந்துவிட்டது. 1988இல் நம்முடைய ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் மேலே போனது. அதன் படங்களில் ஒரு குவாரி சில புள்ளிகளாகத்தான் தெரியும். கேரளத்தில் 2001இல் ஆற்று மணலுக்குக் கட்டுப்பாடுச் சட்டம் வந்தது, வேண்டியிருந்த சட்டம்தான், ஆனால் வீடு கட்டுகிறவர்களுக்கு மணல் வேண்டுமே. ஆற்றை விட்ட கை மலையைப் பிடித்தது, பாறையை அரைத்து எம்-சாண்ட் வந்தது. 2017இல் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தின் அலெக்ஸும் சஜீவும் செயற்கைக்கோள் படத்தில் மாநிலம் முழுக்க ஒவ்வொரு குவாரியாக வரைந்து எண்ணினார்கள்: 5924. நாங்கள் ஐந்து பேர் ஆயுள் முழுக்க நடந்திருந்தாலும் அந்த எண்ணைத் தொட்டிருக்க மாட்டோம். தொழில்நுட்பத்துக்கு நான் இதற்காகவே கடமைப்பட்டிருக்கிறேன்.

கெட்டிப்பாறை நாட்டில் தண்ணீர் இருப்பது இரண்டே இடத்தில்: மேலே கிடக்கிற மண்ணிலும் இற்றுப்போன பாறையிலும் ஒன்று, கீழே பாறையின் விரிசல்களில் இன்னொன்று. குவாரிக்காரர் முதலில் சுரண்டுவது அந்த மேல்மண்ணை. மழையைக் குடித்து வைத்துக்கொள்ள வேண்டியது போய்விடும். பிறகு குழி அக்கம்பக்கத்துக் கிணறுகளைவிட ஆழமாகும்போது விரிசல்களின் நீர் குழிக்கு வரும், வேலை நடக்க அதை மோட்டார் வைத்து இறைத்துக் கொட்டுவார்கள். கிணறு வற்றிய வீட்டுக்காரர் மழையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு, அந்த ஊற்றுப் பக்கம் என்ன ஆனது என்று பார்க்கக் கணினியில் உட்கார்ந்தேன். படத்தில் ஈட்டி மரம் நின்ற இடம் குழிக்குள் இருந்தது. அடியில் பச்சைத் தண்ணீர். சாயாக்கடை இருந்த இடத்தில் லாரி திரும்புகிற பாதை. கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் உயரத் தரவை இறக்கி, ஓடைகளை வரையச் சொன்னேன். அதற்கு முன்னால் மென்பொருள் ஒரு வேலை செய்யும்: நிலத்தில் நீர் வெளியேற வழியில்லாத பள்ளம் எதைக் கண்டாலும் அது தரவில் நேர்ந்த பிழை என்று எடுத்துக்கொண்டு விளிம்புவரை நிரப்பிவிடும், இல்லாவிட்டால் கோடு பள்ளத்திலேயே நின்றுபோகும். குவாரியையும் அப்படித்தான் நிரப்பியது. நிரம்பிய குழியின் மேல் மெல்லிய நீலக்கோடு ஒன்று, 1986இல் நான் பென்சிலால் வரைந்த அதே போக்கில், கல்லாற்றை நோக்கி இறங்கிப் போனது.

பெட்டியைத் திறந்து பழைய நகலை எடுத்து வந்து திரையின் அருகில் பிடித்துப் பார்த்தேன். மடிப்பில் தாள் கிழிந்திருந்தது. பென்சில் கோடு மங்கவில்லை. குழிகளைத் தரவில் அப்படியே விட்டு இன்னொரு முறை ஓடவிட வேண்டும், ஆய்வுக்கு அதுதான் சரி, எனக்குத் தெரியும். அன்று ராத்திரி மட்டும் அந்தக் கோட்டை அழிக்க மனம் வரவில்லை.