நெய்மாருக்கும் ஃபைனல் எக்ஸிட்

ரியாத்,
பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

ரப்பர் விலை ஏறியதா என்று கேட்க மாட்டேன். ஏறியிருந்தால் நீங்களே கூப்பிட்டுச் சொல்லியிருப்பீர்கள்.

வாட்ஸாப்பில் பேசி அனுப்பாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் அனுப்புவதையெல்லாம் நீங்கள் பெருங்கடவிளை சாயாக்கடையில் வைத்து ஸ்பீக்கரில் போடுகிறீர்கள் என்று அக்கா சொல்லிவிட்டாள். அந்தக் கடையில் பாதிப்பேர் அர்ஜென்டினா ரசிகர்கள். நான் சொல்லப்போகும் சேதி அவர்கள் காதில் விழுந்தால் உங்களுக்குத்தான் கேவலம்.

சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா என்று அம்மை கேட்பாள். நீங்கள் கேட்பது ஒன்றுதான்: "லேய், நெய்மாரைப் பார்த்தியா?" ரியாத் என்பது நம்ம அமரவிளை ஜங்ஷன் என்றும், சாயங்காலம் நெய்மார் பேப்பர் வாங்க நடந்து வருவார் என்றும் நினைத்துக்கொண்டு கேட்பீர்கள். பார்க்கவில்லை அத்தான். இனிப் பார்க்கவும் வழியில்லை. ஜனவரி 27-ஆம் தேதி அல் ஹிலால் கிளப் கணக்கை முடித்து அனுப்பிவிட்டது. எங்கள் பாஷையில் ஃபைனல் எக்ஸிட்.

அவர் கதையை ஒரு வளைகுடாக்காரன் கதையாகவே சொல்கிறேன், உங்களுக்கு எளிதாகப் புரியும். நான் வந்திறங்கியபோது கம்பெனி வண்டி வருமென்று வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். வண்டி பாதிராத்திரி வந்தது. அதில் எனக்கு முன்னால் சிமென்ட் மூட்டைகள் ஏறியிருந்தன, எனக்கு அதன்மேல் இடம். நெய்மாருக்கு 2023 ஆகஸ்ட் 19 அன்று கிங் ஃபஹத் ஸ்டேடியத்தில் வாணவேடிக்கை போட்டு, டிரோன் விட்டு வானத்தில் அவர் உருவம் வரைந்து, ஆயிரமாயிரம் பேர் நின்று கையசைத்து வரவேற்றார்கள். என் விசாவுக்கு நான் ஏஜென்டுக்குப் பணம் கொடுத்தேன். அவர் விசாவுக்கு இவர்கள் அவருடைய பழைய முதலாளியான பாரிஸ் கிளப்புக்குப் பணம் கொடுத்தார்கள், ஏறத்தாழ 9 கோடி யூரோ என்று பத்திரிகைகள் எழுதின. அதுகூடக் குறைந்த விலைதானாம். 2017-ல் பார்சிலோனாவிலிருந்து அவரைப் பாரிஸ் வாங்கிய விலை 22 கோடியே 20 லட்சம் யூரோ, அந்தச் சாதனையை இன்னும் யாரும் தாண்டவில்லை. எனக்கும் அவருக்கும் ஒரு விஷயம் மட்டும் ஒன்றுபோல: ரெண்டு வருஷக் கான்ட்ராக்ட்.

வேலையில் சேர்ந்தார், மறுமாதமே ஊருக்குப் போனார். கிளப்புக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை; அதற்குள் செப்டம்பர் 8-ல் பெலெம் நகரில் பொலிவியாவுக்கு எதிராகப் பிரேசிலுக்கு இரண்டு கோல் போட்டு, ஃபிஃபா கணக்கில் பெலேயின் 77-ஐத் தாண்டிவிட்டார். அன்று நீங்கள் கடையில் எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்ததை அக்கா இன்னும் மறக்கவில்லை. திரும்பி வந்து செப்டம்பர் 15-ல் அல் ரியாத் அணியோடு மாற்று ஆளாக இறங்கினார், ஆட்டம் 6-1. அக்டோபர் 3-ல் தெஹ்ரானில் நசாஜி அணிக்கு எதிராக முதல் கோல். முதல் என்று அன்று எழுதினார்கள். கடைசியும் அதுதான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அதே மாதம் மறுபடியும் நாட்டுக்காக ஆடப் போனார். அக்டோபர் 17-ல் மான்டெவிடியோவில் உருகுவே ஆட்டத்தில் இடது முழங்கால் தசைநார் கிழிந்தது. லீவில் போன இடத்தில் அடிபடுவது நமக்குப் புதிதல்ல. நம்ம தெற்கு வீட்டு அண்ணன் லீவில் வந்து சக்கை பறிக்க ஏறி விழுந்து ஆறு மாசம் கட்டிலில் கிடந்தாரே, அவர் கம்பெனி ஒரு ரியால் கொடுத்ததா? வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். நெய்மாருக்கு அடிபட்டால் கிளப்பே வைத்தியம் பார்க்கும், சம்பளமும் நிற்காது. சக்கை பறிக்கிறவனுக்கும் பந்து உதைக்கிறவனுக்கும் எலும்பு ஒன்றுதான், இன்ஷூரன்ஸ்தான் வேறே.

இதற்கு நடுவில்தான் உங்கள் மும்பைக் கதை. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் அல் ஹிலாலும் மும்பை சிட்டியும் ஒரே பிரிவில் விழுந்தன. "நெய்மார் இந்தியா வாறார்" என்று நீங்கள் நாலு பேரைச் சேர்த்து நேத்ராவதி ரயிலில் டிக்கெட் எடுத்தீர்கள். முழங்கால் கிழிந்த சேதி வந்த பிறகும், கான்சல் பண்ணினால் காசு பிடிப்பான் என்று போனீர்களே, அதற்காகவே உங்களுக்கு ஒரு கோப்பை தரலாம். நவம்பர் 6-ல் நவி மும்பையில் அல் ஹிலால் 2-0 என்று வென்றது. நெய்மார் வரவில்லை. நீங்கள் வடாபாவ் தின்று வயிறு கெட்டு வந்தீர்கள்.

இனிச் சொல்வது அர்ஜென்டினாக்காரர்களுக்குத் தெரியவே வேண்டாம். அந்தச் சீசனில் அல் ஹிலால் 34 ஆட்டத்தில் 31-ல் வென்றது, 3 டிரா, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கோப்பையும் வாங்கியது. தான் இல்லாவிட்டால் கம்பெனி நின்றுபோகும் என்று எங்கள் ஃபோர்மேன் தினமும் சொல்வார். அவருக்கு நான் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். அதற்குப் பிறகு என்னை மொட்டை மாடி ஏசி வேலைக்கே அனுப்புகிறார்.

ஒரு வருஷம் கழித்து 2024 அக்டோபர் 21-ல், அல் ஐன் அணியோடு 5-4 என்று முடிந்த ஆட்டத்தில் கடைசிக் கொஞ்ச நேரம் இறங்கினார். நவம்பர் 4-ல் ஈரானின் எஸ்தெக்லால் அணியோடு இரண்டாம் பாதியில் வந்தவர், அரைமணி நேரம்கூட ஆகவில்லை, தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அவ்வளவுதான். மொத்தம் ஏழு ஆட்டம், ஒரு கோல். பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜெசுஸ், நாங்கள் பழகியிருக்கும் தரத்தில் இனி அவரால் ஆட முடியாது என்கிற மாதிரி பத்திரிகைக்காரர்களிடமே சொல்லிவிட்டார். எங்கள் சூப்பர்வைசர் மோசமான ஆள்தான், ஆனாலும் இதையெல்லாம் ரூமுக்குள் வைத்துத்தான் சொல்வார்.

நெய்மார் இப்போது பழைய சான்டோஸ் கிளப்பில். பிப்ரவரி 5-ல், அவருடைய 33-ஆம் பிறந்தநாளில் இறங்கினார், ஊரே திரண்டு கொண்டாடியது. எனக்குப் பொறாமை அதில்தான். நான் ஊருக்கு வந்து பெட்டியைத் திறக்குமுன்னே "எப்போ திரும்பப் போறே?" என்று கேட்பீர்கள். அவரிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

என்னைக் கேட்டால், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிரேசில்காரன் பரெட்டோவைப்போலப் போக வேண்டும். ஜோசே ராமிரெஸ் பரெட்டோ, போர்ட்டோ அலெக்ரேக்காரர். 1999-ல் கொல்கத்தா மோகன் பாகனுக்கு வந்தார். நடுவில் மலேசியா, மும்பை என்று போய்விட்டுத் திரும்பி வந்து 2012 வரை அங்கேயே ஆடினார். கோல்கள் இருநூறுக்கு மேல். வானத்தில் டிரோன் விட்டு யாரும் அவரை வரவேற்கவில்லை. இன்றும் கொல்கத்தாக்காரர்கள் பச்சைக்கிளி என்றுதான் செல்லமாகச் சொல்கிறார்கள்.

கிறிஸ்டியானோ ஜூனியரையும் இந்த இடத்தில் சொல்லாமல் போகக்கூடாது. அவரும் பிரேசில் ஸ்டிரைக்கர். முதலில் ஈஸ்ட் பெங்கால், பிறகு கோவாவின் டெம்போ. 2004 டிசம்பர் 5-ல் பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம். தன் இரண்டாவது கோலைப் போட்ட நொடியில் கோல்கீப்பரோடு மோதி விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. டெம்போ 2-0 என்று கோப்பையை வென்றது. இங்கே சரக்கு விமானத்தில் சவப்பெட்டி ஏற்றிவிட்டு ரூமுக்குத் திரும்பும் ராத்திரிகளில், ஊர்பேர் தெரியாத நாட்டில் செத்துப்போன அந்த ஆளையும் நான் நினைப்பதுண்டு. நெய்மாரின் பணக்கணக்கைப் பேசுகிறோம் நாம். வேலைக்கென்று நாடு விட்டுப்போகும் பந்தாட்டக்காரர்களில் பெரும்பாலானவர்கள் இந்த ஆளைப்போல, என்னைப்போல.

போகட்டும், உங்களிடம் ஒரு காரியம் கேட்கவே இவ்வளவும் எழுதினேன். அடுத்த வருஷம் ஜூனில் உலகக்கோப்பை. 2022-ல் கோழிக்கோட்டுப் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் வைத்த கட்டவுட்டின் படத்தை ஃபிஃபாவே எடுத்துப் பகிர்ந்தது. அதைவிட உயரமாக நெய்யாற்றில் ஒன்று வைக்கப்போவதாகவும் வசூல் நோட்டு அச்சடித்தாயிற்று என்றும் அக்கா சொன்னாள். வேண்டாம் அத்தான். நெய்மார் ஆடுவாரோ மாட்டாரோ, முழங்காலுக்குத்தான் தெரியும்.

நம்ம பக்கத்தையே பாருங்கள்: பாறசாலையிலிருந்து கடல்பக்கம் இறங்கினால் பொழியூர். சந்தோஷ் டிராபிக்கு அந்த ஒரு மீனவக் கிராமம் எத்தனை ஆட்களைக் கொடுத்திருக்கிறது! எல்லை தாண்டித் தூத்தூர் பக்கம் இரவிபுத்தன்துறை, மைக்கேல் சூசைராஜின் ஊர். 2020 நவம்பர் 20-ல் ஏடிகே மோகன் பாகனுக்காக, கேரள பிளாஸ்டர்ஸோடு நடந்த ஐஎஸ்எல் சீசனின் முதல் ஆட்டத்தில் இறங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவருக்கும் முழங்கால்தான் போனது. அந்தச் சீசன் முழுக்க வெளியே. நம்ம ஊர்க்காரன் அவன். அவனுக்காக நம்ம சாயாக்கடையில் ஒருத்தன் 'ச்சே' என்று சொன்னானா?

ஆகவே அந்த வசூலில் பாதியையாவது பொழியூர்ப் பிள்ளைகளுக்குப் பூட்ஸும் பந்தும் வாங்கக் கொடுங்கள். என் பங்கை இந்த மாதச் சம்பளத்தோடு அக்கா கணக்கில் போட்டுவிட்டேன். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவள் தந்தால்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்